கால் மணி நேர மழை

செப்டம்பர் 19

மேலே எதுவும் போடாமல் ஆரம்பிக்கிறேன். "என்னங்க" என்று எழுதக் கை வரவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது போதும்.

உங்கள் பனியன் மூன்றும் கம்பளிச் சட்டையும் கொடியிலேயே கிடந்தன. கிளம்பின வேகத்தில் அதையெல்லாம் எங்கே பார்த்தீர்கள். சாம்பல் ஏறிப்போய் இருந்தது. இரண்டு தண்ணீர் விட்டு அலசி, நான் தோய்க்கிற லாட்ஜ் விரிப்புகளோடு சேர்த்து இஸ்திரி போட்டு இந்தப் பையில் வைத்திருக்கிறேன். பையைக் கொடுத்தனுப்பத்தான் இந்தக் கடிதம், வேறு எதற்கும் இல்லை. எந்த இடத்தில் வேலை என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். பால் வண்டிக்காரர்தான், "டவுன்ல அவங்க கம்பெனி ஆபீஸ் இருக்கும்மா, அங்க குடுத்தா போய்ச் சேரும்" என்றார். இந்த வயதில் காதல் கடிதமா என்றும் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் பாலை இறக்கி வைக்காமலே வண்டியை எடுத்துவிட்டார். லாட்ஜில் அன்றைக்கு எல்லாருக்கும் பால் இல்லாத டீ.

மேட்டில் இருந்த டவர் காட்டுத் தீயில் எரிந்ததில் இருந்து இந்தப் பக்கம் யாருக்கும் போன் இல்லை. இருந்திருந்தாலும் நமக்கு என்ன. ஆகஸ்ட் மாதம் முழுக்க ஒரே வீட்டில் இருந்தே நாம் பேசவில்லையே. கடைசியாகப் பேச்சை எடுத்தது நீங்கள்தான். வாசல் நிலையை எட்டிப் பிடித்துக்கொண்டு, "அவன் இனிமே வரமாட்டான். விடு. உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்" என்றீர்கள். எதைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னீர்கள் என்று யோசித்தீர்களா? நெட்டையன் தலை இடிக்கிறது என்று நான் துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிற இடம் அது. தினமும் இடித்துக்கொள்வான், தினமும் உங்களைப் பார்த்து, "இந்த வீட்டை உங்க அளவுக்குக் கட்டிட்டாங்கப்பா" என்பான்.

நீங்கள் கிளம்பும்போது நான் சொன்னதையும் மறக்கவில்லை. "அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கிறதா இருந்தா வாங்க. இல்லைன்னா வராதீங்க" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அவன் உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியாதா. பெற்றவளுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. தீயை மறிக்கக் கோடு வெட்டப் போன எல்லாரும், காற்று திரும்பினதும் ஓடை வழியாக இறங்கி வந்துவிட்டார்கள். இவன் மட்டும் மேட்டைப் பார்த்து ஏறினதை ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தேடினார்கள், தேடினார்கள், ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு உயரமான பிள்ளை, ஒன்றுமே இல்லை என்றால் எப்படி? மலையில்தான் இருக்கிறான். மலையில் இருப்பது ஒரு நாள் கீழே வரும். வராது என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்.

வேர் எல்லாம் எரிந்துபோனதால் மலை சும்மா இருக்கும்போதே கல் உருளுகிறது. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கல்லாக இறங்குகிறது, யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற மாதிரி. எழுந்து போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மழை வரட்டும் என்று இருக்கிறேன்.


செப்டம்பர் 29

நெட்டையன் அம்மாவுக்கு,

பை வந்தது. சட்டை கதகதப்பாக இருக்கிறது.

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். வேலையைப் பற்றி எழுதுகிறேன். இங்கேயும் மலை எரிந்திருக்கிறது. மலை முடிகிற இடத்தில் பெரிய குழி வெட்டி, ஊர்ப் பக்கம் கரை கட்டியிருக்கிறார்கள். மழையில் இறங்குகிற மண்ணும் கல்லும் ஊருக்குள் போகாமல் இந்தக் குழியில் விழவேண்டும். விழுந்ததை அள்ளி லாரியில் ஏற்றினால்தான் அடுத்த தடவைக்கு இடம் இருக்கும். நான் மண் அள்ளுகிற மெஷினோடு குழிக்குள் நிற்கிறேன்.

மேட்டில் மழைமானி வைத்திருக்கிறார்கள். அங்கே கொட்டினால் இங்கே சங்கு ஊதும். ஊதினால் மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கரைமேல் ஏறிவிட வேண்டும். வானத்தைப் பார்க்கக்கூடாது, மழை எங்கே என்று கேட்கக்கூடாது, ஏறவேண்டும். அதுதான் இங்கே சட்டம். முதல் நாள் சும்மா ஒரு தடவை ஊதிப் பார்த்தார்கள். நான் சாவியை எடுக்கத் திரும்பினேன். மேஸ்திரி எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார்.

சமையல்காரர் உப்பு போட்டோமா என்று மறந்து மறுபடியும் போடுகிற ஆள். கேட்டால், "வேர்வையில போற உப்பைத்தானேய்யா திருப்பித் தர்றேன்" என்கிறார். நெட்டையனுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

மழை வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே. நம் வீடு ஓடை வாயில் இருக்கிறது. இங்கே ஊருக்கு முன்னால் ஒரு குழி இருக்கிறது. அங்கே நம் வீடுதான் குழி. உன் அக்கா வீட்டுக்குப் போ. அவள் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வார்த்தையைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.


அக்டோபர் 7

சமையல்காரரின் உப்பைப் பற்றி எழுதக் கை வருகிறது, அந்த வார்த்தையைப் பற்றி எழுத மட்டும் வரவில்லையா. சரி, இருக்கட்டும்.

இங்கே மஞ்சள் கோட்டுப் போட்ட ஆட்கள் வந்தார்கள். ஓடை ஓரத்து ஐந்து வீட்டு வாசலிலும் மணல் மூட்டை அடுக்கினார்கள். மழை என்றால் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முடி வெட்டுகிறவர் கடை நாற்காலியையே கழற்றி எடுத்துப் போய்விட்டார். நான் மட்டும்தான் இருக்கிறேன். லாட்ஜ் அம்மா இஸ்திரி அறைக்குப் பின்னால் இருக்கிற அறையைத் தருகிறேன் என்கிறார். லாட்ஜ் மேட்டுச் சாலையில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. "நீ செத்துப்போனா எனக்கு விரிப்பு யாருடி தோய்ப்பாங்க" என்று அவர் பாணியில் கூப்பிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

அக்கா வீட்டுக்கும் போகமாட்டேன். என்னைப் பார்த்தாலே அக்கா அழ ஆரம்பித்துவிடுகிறாள். அப்புறம் நான்தான் தண்ணீர் கொடுத்து அவளைத் தேற்றவேண்டியிருக்கிறது. எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

உங்கள் குழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் என்னவெல்லாம் விழும்? கல் விழும், மரம் விழும் என்று தெரிகிறது. இரும்பு விழுமா? பெரிய இரும்பு இல்லை, கைக்கு அடக்கமான இரும்பு. இரும்பு எரியாதுதானே. மேட்டில் கிடக்கிற இரும்பு தண்ணீரோடு இவ்வளவு தூரம் வருமா, இல்லை பாதியிலேயே புதைந்துபோகுமா? உங்களுக்குத்தான் தெரியும். சும்மா கேட்கிறேன்.

எனக்கு இங்கே ராத்திரிச் சாப்பாடு ஒரு ஆளுக்குச் சமைக்க வரவில்லை. அரிசி கை தவறி மூன்று பேருக்கு விழுந்துவிடுகிறது.


அக்டோபர் 16

நெட்டையன் அம்மாவுக்கு,

சும்மா கேட்கிறேன் என்று எழுதினால் எனக்குத் தெரியாதா. கோடு வெட்ட அவன் எடுத்துப்போன கொத்தைத்தான் கேட்கிறாய். ஒரு பக்கம் கோடாலி, ஒரு பக்கம் மண்வெட்டி. கூட வேலை செய்கிறவர்கள் மாற்றி எடுத்துவிடுகிறார்கள் என்று சொன்னான். நான்தான் இரும்பில் மூன்று பொட்டு வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். அதை எதிர்பார்த்துத்தான் நீ ஓடை வாயில் உட்கார்ந்திருக்கிறாய். அது உன் வாசலுக்கு வந்து சேரும் என்று நினைக்கிறாய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இரும்பு வரும். இந்தக் குழியில் முதல் தடவை மண் இறங்கினபோது ஒரு கேட், ஒரு அடுப்பு, லாரி சக்கரம் எல்லாம் வந்தன. ஆனால் எப்படி வந்தன என்று கேள்.

போன செவ்வாய்க்கிழமை. என் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். சங்கு ஊதியது. இந்தத் தடவை சாவியை எடுக்கத் திரும்பவில்லை. கரைமேல் ஏறி நின்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். வெயிலில் சங்கு ஊதுகிறார்களே என்று சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து கிண்டல் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் கால் அடியில் தரை நடுங்கியது. அப்புறம் வந்தது. அது தண்ணீர் இல்லை. குழைத்த சிமெண்டு நடந்து வருகிற மாதிரி, முன்னால் பாறைகளையும் மரத்தையும் தள்ளிக்கொண்டு வந்தது. என் மெஷின் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். அதைத் திருப்பி வைத்துவிட்டது. சமையல்காரர் கரண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இங்கே மழைமானி பார்க்க ஒரு பெண் இருக்கிறாள். நெட்டையன் வயதுதான். படித்த பெண், ஆனால் நமக்குப் புரிகிற மாதிரி பேசுவாள். எரிந்த மலை வேறு மலை என்று சொன்னாள். தீயில் செடி கொடியின் எண்ணெய் எல்லாம் மண்ணுக்குள் இறங்கி உறைந்து, தோல் மாதிரி ஆகிவிடுமாம். தண்ணீர் உள்ளே போகாது, வழுக்கிக்கொண்டு ஓடும். "எவ்வளவு மழை பெஞ்சதுன்னு பாக்காதீங்க அங்கிள். எவ்வளவு வேகமா பெஞ்சதுன்னு பாருங்க. கால் மணி நேரம் கொட்டினா போதும்" என்றாள். அன்றைக்கு மேட்டில் பெய்ததும் அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் சாம்பலை விலக்கி, மண்ணில் ஊற்றிப் பார்.

லாட்ஜ் அம்மா தருகிற அறைக்காவது போ.


அக்டோபர் 25

நீங்கள் சொன்ன மழை வந்தது. வந்து போயும்விட்டது.

நான்கு நாள் விடாமல் தூறியது. லாட்ஜில் ஒரு விரிப்புக்கூடக் காயவில்லை. இஸ்திரி அறை முழுக்கக் கயிறு கட்டி, அடுப்பு மூட்டிக் காயவைத்தோம். மஞ்சள் கோட்டுக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். நான் வீட்டிலேயே இருந்தேன். பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலை அசையவில்லை. ஓடையில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் போனது, அவ்வளவுதான். மழை விட்டதும் ஓடைக்குள் இறங்கி, உங்கள் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கரையோரமாகக் கொஞ்ச தூரம் மேலே போய்ப் பார்த்தேன். கரிக்கட்டையும் சாம்பலும்தான். ஒரு ஆணிகூட இல்லை.

திட்டாதீர்கள். உங்கள் பூட்ஸ் எனக்குப் பெரிதாக இருக்கிறது, வேகமாக நடக்க முடியவில்லை. அதனால் ரொம்ப தூரம் போகவில்லை.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். நான்கு நாள் மழையைத் தாங்கின மலை இனிமேல் என்ன செய்யப்போகிறது என்கிறார்கள். முடி வெட்டுகிறவர் நாற்காலியை மறுபடியும் பூட்டிக் கடையைத் திறந்துவிட்டார். கொடியில் துணி காயப்போடுகிறவளுக்கு மழையைப் பற்றித் தெரியாதா என்று என்னிடமும் வந்து கேட்டார்கள். ஆபத்து போய்விட்டது என்றுதான் நானும் சொன்னேன். இருபது வருஷமாக வானத்தைப் பார்த்துத்தானே துணி எடுக்கிறேன். எந்த மேகம் நமக்கு, எந்த மேகம் அடுத்தவர்களுக்கு என்று எனக்குத் தெரியும். உங்கள் மழைமானிப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் எழுதாமல் இருந்தால் பொய் சொன்ன மாதிரி. நான்கு நாள் மழையில் நனைந்த மண், மேலே ஒரு விரல்கடைதான் ஈரம். அதைக் கீறினால் கீழே காய்ந்த மாவு மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் விட்ட மாதிரி உருண்டு உருண்டு என் காலுக்கே வந்தது.

எனக்கு மலைமேல் கோபம் வந்தது. அவ்வளவு பெரிய பிள்ளையை வாங்கிக்கொண்டது, ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கமாட்டேன் என்கிறது.

நீங்கள் எங்கோ யாருடைய மலைக்கோ குழி தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். நம் பிள்ளை இருக்கிற மலைக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். நானும் போய்விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த இரும்பு வந்து கிடந்து, யாரும் பார்க்காமல், ஓடையோடு போய்விட்டால்? அதற்காகத்தான் இருக்கிறேன். வேறு பிடிவாதம் ஒன்றும் இல்லை.


அக்டோபர் 31

நெட்டையன் அம்மாவுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மெஷின் சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நீ நினைக்கிற மாதிரி யாருடைய மலையோ இல்லை. நம் மலைதான். அதன் முதுகுப் பக்கம். சாலை மலையைச் சுற்றி வருவதால் ஒரு நாள் ஆகிறது. பறவைக்கு அவ்வளவு ஆகாது. மேட்டுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன், அந்தப் பக்கம் நீ இருக்கிறாய். மேட்டில் நின்று ஒரு குடம் தண்ணீர் கவிழ்த்தால் பாதி உன்னிடம் வரும், பாதி என்னிடம் வரும்.

அவன் மேட்டைப் பார்த்து ஏறினான் என்று அந்த ஆள் சொன்னானே. மேட்டைத் தாண்டியிருந்தால் இந்தப் பக்கம்தான் இறங்கியிருப்பான். அதனால்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். கம்பெனி எனக்கு வேறு இடம் கொடுத்தது. நான்தான் இதை விடவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீயும் கிளம்பி வந்து குழிக்குள் நின்றிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

ஒவ்வொரு பக்கெட்டையும் அள்ளி, நேரே லாரியில் கொட்டாமல், கரையில் பரப்பி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். வேலை மெதுவாகப் போகிறது என்று மேஸ்திரி திட்டுகிறார். "தங்கம் கிடைச்சா எனக்கும் ஒரு மோதிரம் பண்ணிப் போடுய்யா" என்று சமையல்காரர் கிண்டல் பண்ணுகிறார். அவருக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு கொத்து கிடைத்தது. அதே மாதிரி. பிடி எரிந்து, இரும்பு மட்டும் கறுத்துப்போய். மண்ணில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தேன். சட்டையில் துடைத்தேன், நீ இஸ்திரி போட்டு அனுப்பின சட்டையில்தான். பொட்டு இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றும் இல்லை, ஒன்றுகூட இல்லை. வேறு யாருடையதோ. அதை மண்ணோடு ஏற்ற மனம் வரவில்லை. சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள்.

வரமாட்டான் என்று நான் நம்பிச் சொல்லவில்லை. சொன்னால் மனசு அடங்குமா என்று சொல்லிப் பார்த்தேன். அடங்கவில்லை. அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இப்போதே எடுத்துக்கொள்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கேள். நான்கு நாள் தூறல் ஒன்றும் செய்யவில்லை என்றால் மலை தாங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தத் தூறல் மெதுவாகப் பெய்தது, மெதுவாக வடிந்துபோனது. அது பரீட்சையே இல்லை என்கிறாள் அந்தப் பெண். சாம்பலும் உதிர்ந்த கல்லும் ஓடைக்குள் அப்படியே குவிந்து கிடக்கிறது. வேகமாக ஒரு மழை வந்தால் போதும். வருகிற வாரம் கீழே புழுக்கமும் மேலே குளிர்காற்றுமாக இருக்குமாம். அப்படி இருந்தால் மதியத்துக்கு மேல் மேட்டில் மேகம் குவியும். நகர்ந்து போகிற மேகத்துக்குப் பயப்படாதே. நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற மேகத்துக்குப் பயப்படு. அது நமக்கு இல்லை, அடுத்தவர்களுக்கு என்று உனக்குத் தோன்றும். மேட்டில் பெய்தால் எல்லாம் நமக்குத்தான்.

மலையில் இருந்து வருவது எங்கேயும் ஓடிப்போகாது. வந்த இடத்தில் கனமாகப் படுத்துக்கொள்ளும். நீ அதற்கு எதிரில் நின்று பிடிக்க வேண்டியதில்லை. உன் பக்கம் இறங்கினால் நான் மெஷினைக் கொண்டுவருகிறேன். நம் வாசலில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பக்கெட்டாகப் பரப்பிப் பார்க்கிறேன். இது என் மகன்மேல் சத்தியம்.

அதுவரைக்கும் நீ இரு. எனக்கு இப்போது இருக்கிறது நீ மட்டும்தான்.

ஆபீஸ் ஜீப் டவுனுக்குப் போகிறது, இதை அதில் அனுப்புகிறேன். பால் வண்டிக்காரரிடம் உடனே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.


நவம்பர் 4

நேற்று மதியம் சங்கு ஊதியது. நாங்கள் ஏறிவிட்டோம். இங்கே கொஞ்சம்தான் இறங்கியது. மேகம் உன் பக்கம்தான் அதிகம் நின்றது என்று மழைமானிப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவள், நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் பாலம் போய்விட்டது என்கிறார்கள். பால் வண்டி வரவில்லை. ஆபீசிலும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் கடிதம் உனக்கு வந்ததா, வரும்முன்பே அது நடந்துவிட்டதா?

இதை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் எழுதுகிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சமையல்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், நெட்டையனைப் பற்றி, கொத்தைப் பற்றி, உன்னைப் பற்றி. அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குச் சோறு வடிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.


நவம்பர் 5

என்னங்க,

நான் இருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிடுங்கள், அப்புறம் மற்றதைப் படிக்கலாம்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை மதியம் வந்தது. கொடியில் விரிப்புகளைப் போட்டுவிட்டு, அதற்கு நடுவிலேயே நின்று படித்தேன். படித்து முடித்தும் கொஞ்ச நேரம் விரிப்புக்குள்ளேயே நின்றேன், யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று. இவ்வளவு நாள் நீங்கள் மலைக்கு அந்தப் பக்கம் மண்ணைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் இந்தப் பக்கம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் அவன். எனக்கு உங்கள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் இரண்டு புடவையும் அவன் போட்டோவும் எடுத்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாலத்துக்கு வந்தபோது மேட்டைப் பார்த்தேன். வெளுத்து அடுக்கி வைத்த துணி மாதிரி மேகம் குவிந்து நின்றது. அடிப்பக்கம் மட்டும் கறுப்பு. இங்கே நல்ல வெயில். காற்று வேறு பக்கம் போனது. அது நமக்கு இல்லை, அடுத்தவர்களுக்கு என்று என் மனசு சொன்னது. வீடு எதிரிலேயே தெரிந்தது. போட்டோ உள்ளே ஆணியில் மாட்டியிருந்தது. ஓடிப்போய் எடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் போல் இருந்தது.

அப்போது நனைந்த கரி வாசனை வந்தது. மழையே இல்லாமல் மழை வாசனை. வானத்தைப் பார்க்கக்கூடாது, மழை எங்கே என்று கேட்கக்கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே. இங்கே சங்கு ஊத ஆள் இல்லை. நான்தான் கத்தினேன். ஆபத்து போய்விட்டது என்று அவர்களிடம் சொன்னதும் நான்தானே. முடி வெட்டுகிறவர் கடையில் ஒருவர் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, வெயில் அடிக்குது" என்றார். "கேக்காதீங்க, ஏறுங்க" என்று அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவர் அந்தச் சோப்போடேயே லாட்ஜ் வரைக்கும் ஓடிவந்தார். மற்ற வீட்டுக்காரர்களும் என்மேல் கோபமாகத்தான் ஏறினார்கள். ஏறி, மூச்சு வாங்கி, என்னைத் திட்ட வாய் திறந்தபோது தரை நடுங்கியது.

நீங்கள் எழுதின மாதிரியேதான் வந்தது. அதற்குமேல் நான் எழுதவேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொடியில் நான் போட்டிருந்த விரிப்புகளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால், நன்றாகக் காய்ந்திருந்தன.

வீடு நிற்கிறது, ஆனால் வாசல் வழியாக உள்ளே போக முடியாது. மண் கிட்டத்தட்ட நிலை உச்சிவரைக்கும் ஏறியிருக்கிறது. நான் சுற்றிக் கட்டின துணி மட்டும் மேலே தெரிகிறது. அவன் தலை இடிக்கிற இடத்துக்கு ஒரு சாண் கீழே மண் நின்றுவிட்டது. போட்டோ உள்ளேதான் இருக்கிறது.

மண்ணில் அங்கங்கே இரும்பு தெரிகிறது. எதையும் தொடவில்லை. அது உங்கள் வேலை.

நேற்று இஸ்திரி அறையில் தனியாக இருந்தபோது, நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்ட வார்த்தையை நான் சொல்லிப் பார்த்தேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவன் இனிமேல் வரமாட்டான். சொல்ல முடிந்தது. அந்த இரும்பு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறீர்களே, யாருடையதோ, அதைக் கொண்டுவாருங்கள். அந்த வீடு எது என்று இரண்டு பேரும் சேர்ந்து விசாரிக்கலாம்.

பால் வண்டிக்காரர் நடந்தே வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போகிறார். கிண்டல் எதுவும் பண்ணவில்லை.

பாலம் இல்லை, மேட்டுச் சாலை வழியாகத்தான் வரவேண்டும். வருகிற வழியில் மேட்டில் மேகம் நின்றால் எங்கேயாவது உயரமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருங்கள். மறுநாள் வந்தால் போதும், அதற்கு மறுநாள் வந்தாலும் போதும். இப்போது எனக்கு இரண்டு பேருக்குத்தான் அரிசி போட வருகிறது. உங்கள் பங்கை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.